‘உதவி’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள்

கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. ஊர் தூத்துக்குடி. விஸ்காம் முடித்துவிட்டு இரண்டரை வருடமாக, உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தில் உதவியாளராக இருக்கிறேன். இயக்குநர் சென்னையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை கேமராவோடு வருவார். அளத்தில் ஆட்களிடம் பேசி வைப்பது, ஒலிப்பதிவு, பேட்டிகளை எழுதி எடுப்பது, ஹார்ட் டிஸ்க் பார்த்துக்கொள்வது எல்லாம் நான்தான். ஷூட்டிங் நாளில் பேட்டா 500 ரூபாய். படம் விற்றால் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார், வாய்வார்த்தைதான். டைட்டிலில் ‘உதவி’ என்று என் பெயர் வருமாம். நல்ல மனிதர், அவரும் கடனில்தான் இருக்கிறார். இப்போது சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சீரியலுக்கு டப்பிங் பதிவு செய்யும் வேலைக்கு மாதம் 18,000 ரூபாய் தருவதாகக் கூப்பிடுகிறார்கள். அப்பா போகச் சொல்கிறார். போனால் படத்தை நட்டாற்றில் விட்டதாகிவிடுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆவணப்படத்தை நம்பி ஒரு ஆள் வாழ முடியுமா? நான் இயக்குநராக ஆகவே முடியாதா?

— தூத்துக்குடி வாசகி

பதில்:

அக்கா என்று எழுதியிருக்கிறாய், அந்த உரிமையில் ‘நீ’ என்றே எழுதுகிறேன். 24 வருடமாகப் படத்தொகுப்பு செய்கிறேன், அதில் பெரும்பகுதி ஆவணப்படங்களோடு கழிந்தது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 500 ரூபாய் பேட்டாவைவிட என்னை அதிகம் உறுத்தியது அந்த ‘உதவி’ என்ற சொல்தான்.

நீ செய்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். அளத்துப் பெண்களிடம் முதலில் போய்ப் பேசியது நீ. எந்த அளத்தில் கேமராவை உள்ளே விடுவார்கள், யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், யார் வீட்டில் என்றைக்கு விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். இதைத் தொழிலில் ஃபீல்டு புரொட்யூசர் வேலை என்போம். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து இதே வேலைக்கு ஆள் தேடினால் நாள் கணக்கில் சம்பளம் பேசித்தான் எடுப்பார்கள். அடுத்தது லொகேஷன் சவுண்ட், அதாவது படம் எடுக்கும் இடத்திலேயே ஒலி பதிவது, அது தனித் தொழில். மூன்றாவது, பேட்டிகளை நேரக்குறிப்போடு எழுதி எடுத்து, ஃபுட்டேஜை, அதாவது எடுத்த காட்சிகளை, பிரித்து அடுக்கி, பேக்கப் போட்டுக் காப்பது. எடிட் மேசையில் உட்காருகிறவளாகச் சொல்கிறேன், இந்த மூன்றாவது வேலை ஒழுங்காக நடந்த படத்தில் என் வேலை பாதி முடிந்துவிடும். நடக்காத படத்தில் முதல் இரண்டு மாதம் குப்பை கிளறுவதிலேயே போகும். மொழி தெரியாத எடிட்டர் கைக்குப் படம் போனால் இன்னும் மோசம், எழுதி எடுத்த தாள்தான் அவருடைய கண்ணும் காதும். டெல்லியில் காயம்பட்ட பருந்துகளைக் காப்பாற்றும் இரண்டு சகோதரர்களைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022) படத்தின் எடிட்டர் சார்லட் முங்க் பெங்ட்சன் டென்மார்க்காரர். இந்த மாதிரிப் படங்கள் நாடு தாண்டிப் போய் ஒன்று கூடுவதற்கு, நீ உட்கார்ந்து எழுதும் அந்தத் தாள்கள்தான் பாலம்.

ஆக மூன்று பேர் வேலையை ஒருத்தி செய்திருக்கிறாய். அதை ஒரே சொல்லில் ‘உதவி’ என்று போட்டால், இந்தப் படத்தில் சம்பளம் குறைந்தது மட்டும் நஷ்டமில்லை, அடுத்த படத்துக்குக் கூப்பிடுகிறவருக்கு உனக்கு என்ன தெரியும் என்றே தெரியாது. என் கதை அதுதான். என் முதல் படத்தில் 90 மணி நேரப் பேட்டியை எழுதி எடுத்தேன், முதல் ரஃப் கட், அதாவது படத்தின் கச்சா வடிவம் வரை நான்தான் அடுக்கினேன். திரையிடலில் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தேன். நன்றிப் பட்டியலில், நாங்கள் தங்கிய லாட்ஜுக்கும் வண்டி கொடுத்தவருக்கும் நடுவில் என் பெயர் ஓடியது. அடுத்த ஆறு மாதத்தில் ஒரு தயாரிப்பாளர், ‘அந்தப் படத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள், பட்டியலில் காணோமே’ என்று கேட்டார். என்ன சொல்லியும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை, அந்த வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு நடந்தது உனக்கு நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தமிழில் ஆவணப்படப் பேச்சை எடுத்தால் ஏ.கே. செட்டியாரிடம் போய்த்தான் நிற்போம். 1940இல் வெளிவந்த அவருடைய ‘மகாத்மா காந்தி’ படத்துக்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது வருடத்தில் சுமார் நூறு கேமராக்காரர்கள் எடுத்த 50,000 அடிப் படச்சுருளைத் தேடிச் சேர்த்து, அதிலிருந்து தன் படத்தைச் செய்தார். செட்டியாரின் பெயர் நிலைத்தது, நிலைக்க வேண்டிய பெயர்தான். அந்த நூறு பேரின் பெயர்களை யாரும் வரிசையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு மேடை ஓரத்தில் நின்று கேமராவைச் சுற்றியவர்கள். அவர்கள் இல்லாமல் செட்டியாருக்குச் சேர்க்க என்ன இருந்திருக்கும்?

பெயரை மறைக்க வேண்டிய படங்களும் உண்டு. இந்தோனேசியாவில் 1965–66இல் நடந்த கொலைகளைப் பற்றிய ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) படத்தின் கடைசியில், இணை இயக்குநரில் தொடங்கி அந்த நாட்டுக்காரர்கள் பலரின் இடத்தில் ‘அநாமதேயர்’ என்றே வருகிறது. உயிருக்கு ஆபத்து என்பதால் அப்படி. ஆனால் கவனித்துப் பார், ஆளின் பெயர்தான் மறைந்திருக்கிறது, செய்த வேலையின் பெயர் மறையவில்லை. உன் விஷயத்தில் தலைகீழ். உன் பெயர் வரும், வேலை வராது.

இப்போது நீ கேட்ட கேள்வி. ஆவணப்படத்தை மட்டும் நம்பி வாழ முடியுமா? சுதந்திர ஆவணப்படம் என்றால், முடியாது. தேன் தடவாமல் சொல்வதுதான் உனக்கு நல்லது. ஆனந்த் பட்வர்தன் ‘ஜெய் பீம் காம்ரேட்’ படத்துக்கு 14 வருடம் எடுத்துக்கொண்டார். வட இந்தியாவில் பெண்களே நடத்தும் ‘கபர் லஹரியா’ பத்திரிகையைப் பற்றி ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆஸ்கர் பரிந்துரை வரை போனது, அதற்குச் சுமார் ஐந்து வருடம் பிடித்தது. அத்தனை வருடமும் மாதச் சம்பளம் கொடுக்க யாராலும் முடியாது. நம் பக்கத்திலேயே திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) படத்தைப் பார். திரையிடவே தடை தடையாக வந்து, கடைசியில் யூடியூபில் போட்டார்கள். ஊர் முழுக்கப் பேசிய படம்தான், ஆனால் டிக்கெட் வருமானம் என்று ஒன்று கிடையாது. தூர்தர்ஷனோடு சேர்ந்து பிஎஸ்பிடி என்ற அறக்கட்டளை 2000இலிருந்து பல சிறு படங்களுக்குப் பணம் தந்தது. 1948இல் தொடங்கிய, அரசின் ஆவணப்படப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷனை 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்எஃப்டிசி) இணைத்துவிட்டார்கள். இன்று ஒரு பெரிய படத்துக்குப் பணம் தேட வேண்டுமென்றால் கொல்கத்தாவின் டாக்எட்ஜ் மாதிரி ஆவணப்படச் சந்தையில் போய் மேடையேறிப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா ஆவணப்பட விழா தரும் நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வரும் பணம் கேமரா வாடகைக்கும் பயணத்துக்கும் கரைவதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

இயக்குநர் கடனில் இருப்பதாக நீ எழுதியது பொய்யாக இருக்காது. இந்தத் துறையில் வில்லன்கள் குறைவு, கடன்காரர்கள் அதிகம்.

ஆனால் தொழில் தெரிந்தவர்கள் வாழ்கிறார்கள். போன வருடம் நான் வேலை செய்த நாட்களை எண்ணிப் பார்த்தேன், சுமார் 240. அதில் சுதந்திர ஆவணப்படத்துக்குப் போனது 70. மீதி நாட்களில் தொண்டு நிறுவனப் படங்கள், ஒரு மருத்துவமனைக்கான பயிற்சிப் படம், ஒரு ஓடிடி தொடரின் இரண்டு எபிசோடு. அந்த 170 நாள்தான் இந்த 70 நாளைத் தாங்கியது. இதில் எனக்கு வருத்தமில்லை. சௌம்யானந்த சாஹியைத் தேடிப் பார். ‘ஆல் தட் பிரீத்ஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். கோயம்புத்தூரில் அருண் கார்த்திக் எடுத்த ‘நசீர்’ (2020) என்ற தமிழ்ப் படத்துக்கும் அவர்தான் கேமரா. ‘ட்ரையல் பை ஃபயர்’ என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடருக்கும் அவர்தான் கேமரா. ரணபீர் தாஸ், பாயல் கபாடியாவின் ஆவணப்படத்துக்குக் கேமராவும் எடிட்டிங்கும் செய்தவர், 2024இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ விருது வாங்கிய பாயலின் கதைப்படத்துக்கும் ஒளிப்பதிவு செய்தார். கையில் இருக்கும் தொழில் ஒன்றுதான், படங்களின் வகை மாறிக்கொண்டே இருக்கிறது. ‘ஆவணப்படக்காரி’ என்று உன்னை நீயே நினைத்துக்கொண்டால் வேலை கொடுக்க நாலு பேர்தான் இருப்பார்கள். ‘ஒலிப்பதிவாளர்’ என்று நின்றால் நாற்பது கதவு இருக்கிறது.

ஆம், ஒலி. உன் மூன்று வேலைகளில் எதைப் பிடித்துக்கொள்வது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒலியைப் பிடி. நான் வெட்டிய படங்களில் கண்ணுக்கு ஆடிப்போன ஷாட்டை எத்தனையோ முறை வைத்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு புரியாத பேட்டியை ஒருமுறைகூடக் காப்பாற்ற முடிந்ததில்லை. கடற்கரை அளத்தில் காற்று எப்படி அடிக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலர் மைக்கை எங்கே செருகினால் சேலை உரசாது, பூமை (நீளக் கோலில் கட்டிய மைக்கை) எந்தப் பக்கம் திருப்பினால் காற்று முதுகில் போகும், பேட்டி முடிந்த பிறகு யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ஏன் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டரை வருடம் வெட்டவெளியில் நின்றவளுக்குக் கைப்பழக்கமாகியிருக்கும். ஏசி அறையில் கற்றவர்களுக்கு இது வர நாளாகும். இன்னொன்றும் உண்டு. பெண்கள் பேசும் படத்தில், ரவிக்கையில் மைக் செருக ஓர் ஆண் கை நீளும்போதே அந்த அம்மாவின் உடம்பு விறைத்துக்கொள்வதை நான் ஃபுட்டேஜில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த விறைப்பு பேச்சிலும் பத்து நிமிடம் தங்கிவிடும். பெண் ஒலிப்பதிவாளர்கள் இங்கே மிகக் குறைவு. எனக்குத் தெரிந்த மூன்று இயக்குநர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே பெண் ஒலிப்பதிவாளரைத் தேடுகிறார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் அந்த டப்பிங் ஸ்டுடியோ வேலை வேறு மாதிரி தெரியும். போ என்றுதான் சொல்வேன். சீரியல் என்று இளக்காரமாக நினைக்காதே. ஒரு நாளில் இருபது குரல் கேட்பாய், ‘ப’வும் ‘ச’வும் மைக்கில் எப்படி வெடிக்கும், எப்படிச் சீறும் என்று காது தானாகப் பிரித்துவிடும். புரோ டூல்ஸ் என்ற ஒலி மென்பொருள் கைவரும். மிக்ஸிங் செய்கிறவர்களோடு பழக்கம் வரும். 18,000 ரூபாயில் சென்னையில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ் போக மிஞ்சுவது சொற்பம்தான், வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. சேரும்போதே, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் சம்பளமில்லாத லீவு கேள். கொடுத்தால் படத்தின் முக்கியமான ஷூட்டிங்குக்கு நீயே போகலாம். ஒன்றரை வருடம் வைத்துக்கொள். அதற்குமேல் அதே நாற்காலியில் உட்கார்ந்தால் வெட்டவெளி மறந்துபோகும். முறையாகப் படிக்கத் தோன்றினால் புனே எஃப்டிஐஐ, கொல்கத்தா எஸ்ஆர்எஃப்டிஐ ஆகிய அரசுத் திரைப்படக் கல்லூரிகளில் பட்டதாரிகளுக்கான ஒலிப் படிப்பு இருக்கிறது. அந்த முடிவை இந்த ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எடு.

படத்தை விட்டு ஓடுவதாக ஆகுமா? ஒப்படைக்காமல் போனால் ஆகும். ஒப்படைத்துவிட்டுப் போனால் ஆகாது. எந்தத் தேதியில் என்ன எடுத்தது, எந்த டிஸ்க்கில் இருக்கிறது, எந்தப் பேட்டி இன்னும் எழுதப்படவில்லை, யாரிடம் இன்னும் அனுமதிக் கையெழுத்து வாங்கவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடு. டிஸ்க்குகள் எல்லாம் உன் வீட்டு பீரோவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீ பக்கத்திலிருந்து பார்த்தவள். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று கட்டாயம் வேறு ஊரில் இருக்க வேண்டும். நீ சென்னை போகும்போது உன் கையோடேயே ஒன்றைக் கொண்டுபோய் இயக்குநரிடம் கொடுத்துவிடு. முடிந்தால் அளத்துக் குடும்பங்களிலிருந்தே ஒரு பெண்ணுக்கு ரிக்கார்டர் பிடிக்கக் கற்றுக்கொடு. அவளுக்குப் பேட்டாவும் பேசி வை.

அடுத்தது பணம். இதை எழுத உனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது, கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டாய். நான் தாண்டமாட்டேன்.

1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் ஆக்கியோன் அதன் தயாரிப்பாளர். ஒலிப்பதிவுக்கும் அப்படியே. நீ காற்றில் நின்று பிடித்த ஒவ்வொரு சத்தமும், எழுத்தில் வேறு மாதிரி எதுவும் இல்லாவிட்டால், சட்டத்தின் கண்ணில் தயாரிப்பாளருடையது, உன் படத்தில் அது இயக்குநரேதான் என்று நினைக்கிறேன். சினிமா சங்கங்களின் சம்பள விகிதம் நம்மைப் போன்ற சின்னப் படங்களுக்கு வந்து சேர்வதை நான் பார்த்ததில்லை. அதனால் உனக்கு இருக்கும் ஒரே காப்பு, நீயும் அவரும் ஒப்புக்கொண்டு எழுதும் ஒரு பக்கம். முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மின்னஞ்சலில் அவர் ‘சம்மதம்’ என்று பதில் போட்டாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

‘விற்றால் பங்கு’ என்பதில் எனக்குப் பயம் அந்த ‘விற்றால்’ என்ற சொல்லில்தான். விருதுப் பணம் வந்தால் அது விற்பனையா? படம் முடிக்க ஒரு நிதி கிடைத்தால்? கல்லூரியில் போட்டுக் கட்டணம் வாங்கினால்? முதலில் அவர் கடன் அடைபட்ட பிறகுதான் பங்கா, அதற்கு முன்பா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத பங்கு, பங்கே இல்லை. ஆகவே சதவீதம் பேசாதே. நீ வேலை செய்த நாட்களை எண்ணு, எழுதி எடுத்த நாட்களையும் சேர்த்து எண்ணு. ஒரு நாளுக்கு இருவருக்கும் நியாயமாகப் படும் ஒரு தொகையைப் பேசிப் பெருக்கி, வாங்கிய பேட்டாவைக் கழித்துவிடு. வருவதுதான் உனக்கு வர வேண்டிய நிலுவை. எந்த வழியில் பணம் வந்தாலும் அதில் ஒரு பகுதி இந்த நிலுவைக்குப் போகும் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே. ஆனால் அவர் ஒரு நிதிக்கு பட்ஜெட் போடும்போது உன் பெயர் அதில் ஒரு வரியாக உட்கார்ந்துவிடும், அதுதான் பெரிய விஷயம்.

கையில் காசில்லாத இயக்குநராலும் கொடுக்க முடிந்தவை இருக்கின்றன. டைட்டிலில் ‘லொகேஷன் சவுண்ட்’ என்றும் ‘கள ஒருங்கிணைப்பு’ என்றும் ‘பேட்டி எழுத்து, ஃபுட்டேஜ் மேலாண்மை’ என்றும் தனித்தனியாக உன் பெயர். உன் வேலையைக் காட்டும் ஷோரீலுக்காகப் படத்திலிருந்து ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ள அனுமதி. நீ என்ன செய்தாய் என்று அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை. நல்ல மனிதர் என்கிறாய், நல்ல மனிதர் இதற்கு மறுக்கமாட்டார். போனில் பேசாதே, நேரில் உட்கார்ந்து பேசு. கோபம் வேண்டாம். ‘சார், நான் சென்னைக்குப் போகிறேன், போவதற்கு முன்னால் இதை எழுதி வைத்துவிடலாம், படத்துக்கும் நல்லது’ என்று தொடங்கு. படத்துக்கு நல்லது என்பது வெறும் பேச்சில்லை. நாளை ஒரு வெளிநாட்டு நிதியோ சேனலோ வந்தால், குழுவில் இருந்தவர்களோடு ஒப்பந்தம் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

இயக்குநராக முடியாதா என்று கேட்டிருந்தாய். பட்வர்தன் தன் படங்களுக்குத் தானே கேமரா பிடித்து எடிட் செய்கிறவர். ஆர்.வி. ரமணி ஒளிப்பதிவாளராகத் தொடங்கி, தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களைப் பற்றிய ‘நீ எங்கே’ போன்ற தன் படங்களை எடுத்தவர். தொழிலிலிருந்து இயக்கத்துக்குப் போன பாதை நன்றாக நடந்து தேய்ந்த பாதை. ‘உதவி’யிலிருந்து போன பாதையை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை. மதுரையில் அமுதன் ஆர்.பி.யும் மறுபக்கம் அமைப்பும் 1998இலிருந்து ஆவணப்பட, குறும்பட விழா நடத்தி வருகிறார்கள். உன் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். படம் பார்க்க மட்டும் போகாதே, ஒவ்வொரு படத்தின் கடைசி எழுத்துகளும் ஓடி முடியும் வரை உட்கார்ந்து, ஒலி யார் என்று பார்த்து, வெளியே வந்து அந்த ஆளைத் தேடிப் பேசு.

ஸ்டுடியோவில் சேரும் தேதியை மட்டும் ஒரு வாரம் தள்ளி வாங்கு. அந்த வாரத்தில் ஒருநாள் விடியற்காலை, கேமராவும் ரிக்கார்டரும் இல்லாமல் அளத்துக்குப் போ. அந்தப் பெண்கள் பேசியது உன் முகத்தைப் பார்த்து. நீ ஏன் போகிறாய், இனிமேல் யார் வருவார்கள், படம் முடிந்ததும் முதலில் அவர்களுக்குத்தான் போட்டுக் காட்டப்படும் என்பதை இயக்குநரிடம் கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு, உன் வாயாலேயே சொல்லிவிட்டு வா. அவர்கள் ஏதாவது கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல். உன் புது நம்பரை அவர்களிடம் கொடுத்துவிட்டு வா.